ஃபிலிம் டப்பா பிடித்துத் தந்த அரை நிலா

கெலமங்கலம் பக்கம் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் கூடத்துக்குள் ஆண்கள் கேமராவோடு போக முடியாது. ஃபரீதாதான் போவாள். ஓசூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்துக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டவள். துபாயிலிருந்த தம்பி ஜமீரிடம், "தூரத்துல இருக்கறத கிட்டக் காட்டற லென்ஸ் ஒண்ணு வாங்கியா" என்று சொல்லியிருந்தாள். தொண்ணூற்றொன்றில் லீவுக்கு வந்தவன் தூக்கி வந்ததோ டெலஸ்கோப்.

"நீ சொன்னது இதானேக்கா? நிலாவே தெரியும்னான் கடைக்காரன்."

ஃபரீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் அதற்குள் பார்த்தவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நிலாவில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

"இத ஃபிலிம்ல புடிக்கணுங்க" என்றாள், ஷிப்ட் முடிந்து மாடியேறி வந்த கணவன் தஸ்தகீரிடம்.

டெலஸ்கோப்பின் முன்னாலேயே ஒரு லென்ஸ் இருக்கும்போது கேமராவுக்கு வேறு எதற்கு என்று ஃபரீதாவுக்குத் தோன்றியது. கேமரா லென்ஸைக் கழற்றினாள். டெலஸ்கோப்பில் கண் வைக்கும் துண்டையும், அதைத் தாங்கிய, உள்ளே கண்ணாடி பதித்து முழங்கைபோல் வளைந்த துண்டையும் உருவிவிட்டு, கேமராவை ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை மூட்டம். பக்கத்துக் குமிழைத் திருகிக் குழாயைக் கடைசிவரை வெளியே இழுத்தாள். மூட்டம் சுருங்கியது, தெளியவில்லை. இன்னும் பின்னால் போனால் தெளியும் போலிருந்தது. குழாய்தான் அதற்குமேல் வரவில்லை.

நிலா எங்கேதான் போய் விழுகிறது? மறுநாள் பொழுது சாய்ந்ததும் ஒரு பட்டர் பேப்பரைக் குழாயின் வாயில் பிடித்து, மெல்லப் பின்னால் நகர்த்தினாள். அரைச் சாண் தள்ளி, சுண்டுவிரல் நகமளவு அரை நிலா தலைகீழாகக் காகிதத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. குழாய்க்கு வெளிய விழுதுங்க."

"அந்த முழங்கைத் துண்டுக்குள்ளயே வெளிச்சம் அவ்வளவு தூரம் போயிருக்கும்" என்றான் தஸ்தகீர். "அத எடுத்துட்டு நீ குழாயத் திட்டினா?"

வாயிலிருந்து ஃபிலிம் வரை கேமராவின் வயிற்று ஆழமே பாதி இடைவெளியை எடுத்துக்கொள்ளும். மீதிக்கு ஒரு குழல் வேண்டும், உள்ளே கருப்பாக. வீட்டில் ஃபிலிம் ரோல் வரும் கருப்பு டப்பாக்கள் கிடந்தன. ஒன்றைக் குழாயில் செருகிப் பார்த்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அடியை அறுத்தாள். லென்ஸ் இல்லாதபோது கேமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியில் காய்ச்சிய கத்தியால் ஓட்டை போட்டு, டப்பாவை எம்சீல் பசையால் ஒட்டினாள்.

அடுத்த சாயங்காலம் வ்யூஃபைண்டரில் குழிகளின் விளிம்புகூடத் தெரிந்தது. கை பட்டால் ஆடுமென்று டைமரைத் தட்டிவிட்டு விலகி நின்றாள். ஒரு நிக்காஹ் ரோலில் மிச்சமிருந்த ஃபிலிமெல்லாம் நிலாவுக்கே போயிற்று.

பிரிண்ட் வந்ததும் இருவரும் ஒரே படத்தை மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். பௌர்ணமியன்றும் எடுத்தாள். அதில் குழிகளையே காணோம். சரியாகத்தானே எடுத்தோம் என்று குழம்பி, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தவள் சொன்னாள்:

"நேரா ஃப்ளாஷ் அடிச்சா மொகம் தட்டையா வருமில்லங்க, அப்படித்தான். வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தாதான் மேடு பள்ளம் தெரியும். அடுத்த பிறை வளரட்டும், தெனமும் ஒண்ணு எடுக்கறேன்."