அண்ணியின் ரொட்டி டப்பா

அண்ணியை நினைத்தால் அந்தத் தகர டப்பாவின் மூடியைத் திறந்ததும் எழும் வாசனைதான் முதலில் வருகிறது. லேசான புளிப்பும் தீய்ந்த மாவின் இனிப்பும் கலந்த வாசனை. அறுபதுகளின் நடுவில் பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சிக்கு மருமகளாக வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு அதையும் கொண்டுவந்திருந்தார். எங்களுக்குக் காலையில் கூழ் எப்படியோ அப்படி அவருக்கு ரொட்டி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திங்கட்கிழமைதோறும் பாண்டிக்கு லாரி ஓட்டிய அண்ணன், திரும்பும்போது பேக்கரியில் இரண்டு முழு ரொட்டி வாங்கி வருவார். எஞ்சின் சூட்டில் அவை வெதுவெதுப்பாகவே வந்துசேரும். வாரம் முழுக்கத் தாங்க வேண்டும்.

“சூட்டோட மூடுனா வேர்த்துப் பூஞ்சை புடிச்சிக்கும்” என்று முழுக்க ஆறவிட்டு, உலர்ந்த வேட்டித் துணியில் சுற்றித்தான் அண்ணி டப்பாவில் வைப்பார். ஓரத்திலிருந்து வெட்டமாட்டார். நடுவில் வெட்டித் துண்டை எடுத்துக்கொண்டு, இரு பாதிகளையும் வெட்டுவாய் ஒட்ட நெருக்கி வைப்பார். காற்றுப் படாமல் உள்ளே பஞ்சாகவே இருக்கும். நாலாம் நாள் மிச்சத்தைத் துண்டுபோட்டுத் தணலில் மொறுமொறுவென்று வாட்டிவிடுவார். இன்று என் ஃபிரிட்ஜில் வைக்கும் ரொட்டி இரண்டே நாளில் விறைத்துப்போகிறது.

அம்மா அந்த டப்பாவைத் தொட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ரொட்டி என்றால் சீக்காளிச் சாப்பாடு. நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா சாகும் முன் கடைசியாகச் சாப்பிட்டதும் பாலில் நனைத்த ரொட்டிதான். அண்ணி அதை ருசித்துத் தின்னும்போதெல்லாம் அம்மா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஐப்பசியில் அம்மாவுக்கு டைபாய்டு வந்தது. சோறு கூடாது, ரொட்டியும் பாலும்தான் என்றார் டாக்டர். மழை விடவே இல்லை. ராஜகிரி மேகத்துக்குள் கரைந்து, மலையே இல்லாத ஊரில் இருப்பதுபோல் இருந்தது. ஆற்றில் வெள்ளம் போனதால் அந்தத் திங்கட்கிழமை லாரி கிளம்பவில்லை. டப்பாவில் போன வாரம் வாட்டிவைத்த எட்டுத் துண்டுகள் இருந்தன. காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அண்ணி ஒன்றுகூட எடுக்கவில்லை.

பாலில் ஊறவைத்து நீட்டியபோது அம்மா வாயை இறுக்கிக்கொண்டாள்.

“இத்தத் தின்னுட்டுத்தான் அவரு போனாரு. நானும் போவணுமா?”

அண்ணி கிண்ணத்தை இறக்கிவைத்தார். டப்பாவிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, அம்மா பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்து கடித்தார். மழைச் சத்தத்தையும் மீறி அது மொறுக்கென்றது. இருப்பதே எட்டு, அதில் ஒன்றை இவர் தின்கிறாரே என்று எனக்குப் பதறியது.

“நானுந்தான் தின்றேன், அத்த. எனக்கு இன்னா சீக்கா?”

அம்மா அவரையே பார்த்தபடி வாயைத் திறந்தாள். அண்ணி ஊட்டினார்.

வெள்ளம் வடிய இன்னும் மூன்று நாள் ஆனது. அதுவரை அந்தத் துண்டுகள் தாங்கின. ஒரு மாதத்தில் அம்மா எழுந்து நடமாடினாள். வெயில் வந்த ஒரு காலையில் அவளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தார் அண்ணி. நைனா போன பிறகு, காய்ச்சலில் சொன்ன அந்த ஒன்றைத் தவிர, அவரைப் பற்றி எங்களிடம் பேசியே அறியாத அம்மா, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“அவருக்கு ஊட்டுனப்ப நானும் ஒரு வாயி தின்னுருக்கணும்மா. சீக்கு ஒட்டிக்குமோன்னு பயந்துகினு தள்ளி ஒக்காந்தே ஊட்டுனேன்.”

அண்ணி சீப்பைக் கீழே வைத்தார். அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.