மொக்கு என்றால் வேண்டுதல்

லிஃப்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது முதுகில் அரிசி மூட்டையோடு மாடிப்படி ஏறுகிறவளை எந்த ஊரிலும் ஒருமாதிரியாகத்தான் பார்ப்பார்கள். குகட்பள்ளியில் எங்கள் அடுக்ககத்துப் படிகளில் நான் தினமும் காலையில் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அரிசியைத் துணிப்பையில் கட்டி, அதை முதுகுப்பைக்குள் வைத்திருப்பேன். எதிர் பிளாட் பத்மா ஆன்ட்டி பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர் ஒரு நாள் கேட்டே விட்டார்.

"லிஃப்ட் பனி சேஸ்துந்தி கதம்மா. ஏமிட்டி, மொக்கா?"

லிஃப்ட் வேலை செய்கிறதே என்பது புரிந்தது. மொக்கு என்றால் எனக்குத் தெரிந்தது மல்லிகை மொக்குதான். இந்த ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் ஆட்டோவில் அரைகுறை இந்தியுமாக ஓட்டிவிட்டதால் என் தெலுங்கு காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. புரியாதபோது "அவுனு", அதாவது ஆமாம், என்று தலையாட்டிவிடுவது வழக்கம். பிறமொழி ஊர்களில் பிழைக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு சொல் இருக்கும். மூச்சு வாங்க, "அவுனு ஆன்ட்டி" என்றேன். அவர் முகம் கனிந்தது. என் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நான் ஏறியது மதேரா தீவுக்காக. போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான அந்தத் தீவில் இரண்டு சிகரங்களுக்கு நடுவே மலை முதுகின் மேலேயே ஒரு பாதை போகிறது. பாறையில் வெட்டிய படிகள், குகைப்பாதைகள், பிடித்துக்கொள்ளக் கம்பி, கீழே மேகம். அலுவலகத்தில் யாரோ காட்டிய படத்தைப் பார்த்ததிலிருந்து அந்தப் பாதை என்னை விடவில்லை. படிப்பு, வேலை, அப்பாவின் வைத்தியம் என்று இதுவரை நான் செய்த எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல் ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். விமான டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு திண்டுக்கல்லிலிருந்து அம்மாவை நான்தான் இங்கே அழைத்து வந்தேன். பேச ஆளில்லாத ஊரில் அவளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைகளில் ஏறிப் பழகப் போய்க்கொண்டிருந்தேன். "ஆபீஸ் வேலையா பாப்பா?" என்று கேட்பாள். ஷூ கயிற்றைக் கட்டியபடி ம் என்பேன்.

எங்கள் ஊரில் சும்மா யாரும் மலை ஏறுவதில்லை. ஏறினால் பழனிதான், அதற்கு ஒரு வேண்டுதல் இருக்கும். எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விட்டு விட்டு வந்தபோது அம்மா பழனிக்கு வேண்டிக்கொண்டாள். குணமானதும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உச்சிவெயிலில் படியேறினாள். அப்பா தூக்கிக்கொள்கிறேன் என்று கை நீட்ட நீட்ட அவள் கொடுக்கவில்லை. அவள் கழுத்து வியர்வையில் என் கன்னம் ஒட்டிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. இங்கே ஞாயிறு காலையில் காரில் வந்து இறங்கி, பாறையில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு இட்லி சாப்பிடப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி ஆகியிருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததுதான் உறுத்தியது.

கிளம்பச் சில வாரங்களே இருந்த ஒரு ஞாயிறு. பாறையிலிருந்து திரும்பியபோது எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அம்மா தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். சேலையெல்லாம் வியர்வை. பத்மா ஆன்ட்டி அவள் தலையைத் தாங்கிப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார்.

"பொத்துன்னுஞ்சி ஏமீ தினலேது," என்றார் என்னைப் பார்த்து. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை, ஆனால் இனி இப்படி விடாதீர்கள் என்று சொல்லிப் போன பிறகு கேட்டேன். "ஏம்மா சாப்பிடல?"

"நீ எனக்காகப் படியேறுற. நான் உக்காந்து திங்கவா? ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு வேள விட்டேன்."

"உனக்காகவா? யார் சொன்னா?"

"அந்தம்மாதான். கும்பிட்டுக் காட்டுச்சு, மாடிப்படியக் காட்டுச்சு, என் முட்டியத் தொட்டுச்சு. எம் முட்டிவலிக்கு வேண்டிக்கிட்டியாமே." முட்டியை மெல்லத் தடவிக்கொண்டாள். "முந்திக்கு இப்பக் கொஞ்சம் தேவலதான் பாப்பா."

மொக்கு என்றால் வேண்டுதல் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அடுத்த ஞாயிறும் அவள் பட்டினி கிடப்பாள். தீவு, பாதை, டிக்கெட் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க என்ன சாமி இருக்கு?"

"சாமி எதுவும் இல்லம்மா."

"அப்ப எதுக்கு?"

"போகல. கேன்சல் பண்ணிர்றேன்," என்றேன்.

"எனக்காகப் போகாம இருந்துட்டு அதையும் எந்தலையில வைக்காத," என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து படியேற்றத்தை நிறுத்தினேன். நிறுத்தியதை அவள் கவனித்திருக்க வேண்டும். ஒரு காலை, பத்மா ஆன்ட்டியோடு உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "பழகாமப் போனா அந்தப் பாறையில காலு நிக்குமா?" நான் தீவுக்குப் போயிருக்கும் நாட்களில் இரவில் துணைக்குப் படுத்துக்கொள்ள ஆன்ட்டி வருவதாக, பாதி சைகையிலும் பாதி தெலுங்கிலும் அவர்களே பேசி முடித்திருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன்.

தீவில் அந்தப் பாதையின் நடுவே, ஒரு குகைப்பாதையைத் தாண்டி வெளியே வந்த இடத்தில் போனுக்குச் சிக்னல் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் பத்மா ஆன்ட்டி ஏதோ சொல்ல, அம்மா "அவுனு அவுனு" என்றாள். சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா என்று கேட்டேன். எல்லாம் ஆயிற்று என்றாள். பிறகு, "வீட்டுக்கு எப்பப் போறோம் பாப்பா?" என்றாள்.

அம்மா வாயில் வீடு என்றால் அது திண்டுக்கல்தான். குகட்பள்ளியை எப்போதும் 'இங்க' என்றுதான் சொல்வாள். இந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்க விட்டதில்லை.

"வந்ததும் போவோம்மா," என்றேன். எவ்வளவு நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன் அடங்கியது. கிளம்பி வந்த சிகரத்தில் வெயில் அடித்தது, போகவேண்டிய சிகரத்திலும் அடித்தது. நான் நின்ற இடத்தில் மட்டும் மேகம் ஏறி வந்து, இரண்டு பக்கமும் தரை தெரியாமல் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது விலகட்டும் என்று நின்றேன்.