சலூன் கடையில் வாங்கிய அழுக்கு

எடப்பாடியில் தன் தங்கை மகளின் கல்யாணத்துக்கு என் மனைவி ஒரு வாரம் முன்னாடியே கிளம்பிப் போனாள். போகும்போது என்னிடம் ஒப்படைத்தது இரண்டே பொறுப்புகள்: கேஸை மறக்காமல் மூடுவது, மீன் தொட்டிக்குக் காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுவது. பஸ் ஏறுகிற வரைக்கும் இரண்டாவதைப் பற்றித்தான் பேசினாள்.

"தீனியப் போட்டுட்டு அப்படியே நவுந்து வந்துருங்க. தொட்டிக்குள்ள கையே உடக் கூடாது. பாத்துட்டு இருந்தாப் போதும்."

எனக்கு இது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவன் நான். ஆயிரக்கணக்கான உயிர்கள் என்னை நம்பித்தான் காலையில் கண் விழிக்கின்றன. அப்படிப்பட்டவனிடம் நாலு மீன்களை விட்டுப்போக இவளுக்கு இவ்வளவு யோசனை.

நாலில் மூன்று சின்ன மீன்கள். அவை எது எது என்று அவளுக்கே தெரியாது. நாலாவதுதான் முக்கியம். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தங்கமீன். மனைவிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்த மாதங்களில், பொழுது போகட்டும் என்று மகன் அந்தத் தொட்டியை வாங்கி ஹாலில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான். அப்போது வந்த மீன்களில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். முதல்முறை அவள் வாக்கரைப் பிடித்து நாலடி நடந்தபோது நான் பண்ணையில் இருந்தேன். பார்த்தது அந்த மீன் மட்டும்தான். இன்றைக்கும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு அதன் எதிரில்தான் உட்காருவாள். வீட்டு நடப்பு எல்லாம் அதற்குச் சொல்லியாகிவிடும். நடுநடுவே என் பெயரும் அடிபடும். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். அது 'ஆமா, ஆமா' என்று சொல்வது போலவே எனக்குத் தோன்றும்.

அவள் போன மறுநாள் தொட்டியை உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கச் சொல்லித்தானே போயிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் பாசி. கல்லுக்கு நடுவே கசடு. ஃபில்டருக்குள் இருந்த ஸ்பான்ஜ், சேற்றில் புரண்ட எருமை மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடமாக நான் வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியதில்லை என்பது அவளுடைய நிரந்தரமான குற்றச்சாட்டு. கல்யாணம் முடிந்து வரும்போது தொட்டி பளபளவென்று நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அங்கேதான் விதி சிரித்திருக்க வேண்டும்.

எனக்குச் சுத்தம் செய்யத் தெரிந்தது ஒரே விதம்தான். பண்ணையில் ஒரு பேட்ச் கோழிகளை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு, அடுத்த பேட்ச் இறங்குவதற்கு முன்னால், ஷெட்டைக் கழுவுவோம். அது சும்மா கழுவுவது இல்லை. எருவை வாரி, கூண்டுகளைத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, பிளீச்சிங் பவுடர் தெளித்து, சுண்ணாம்பு அடித்து, மிச்சம் மீதி இறகு ஒட்டியிருந்தால் அதையும் நெருப்பில் பொசுக்கி, வெயிலும் காற்றும் பட ஷெட்டைச் சும்மா போட்டு வைப்போம். பழைய பேட்சின் ஒரு தூசிகூட புதுக் கோழியின் மூக்குக்குப் போகக் கூடாது. இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

அதே முறைப்படி, சோறு வடிக்கிற அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மீன்களை அதற்கு மாற்றினேன். தொட்டியைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். கல்லையெல்லாம் சல்லடையில் போட்டு அரிசி களைவது போலக் களைந்தேன். பிளாஸ்டிக் செடிகளுக்குப் பல்விளக்கும் பிரஷ். ஸ்பான்ஜைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும் பிழிந்து பிழிந்து அலசினேன். எல்லாவற்றையும் மொட்டைமாடி வெயிலில் பரப்பி, அப்பளம் மாதிரி திருப்பிப் போட்டுக் காயவைத்தேன். தீ வைக்கவில்லை. கண்ணாடி தாங்காது என்பதால் மட்டும்தான்.

சாயங்காலம் போர் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டபோது, தொட்டி கடையில் இருந்து அப்போதுதான் இறங்கியது போல இருந்தது. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மீன்கள் காற்றில் தொங்கின. மறுநாள் மனைவி வீடியோ காலில் மீனைக் காட்டச் சொன்னபோது சிக்னல் சரியில்லை என்று சமாளித்தேன். வந்து நேரில் பார்த்து மலைத்துப் போகட்டும் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி முழுக்க மோர். நீர்மோர் அல்ல, நல்ல கெட்டி மோர். மீன் எங்கே என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நாலும் மேலே வந்து வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. தங்கமீனின் முதுகுத் துடுப்பு மடங்கியிருந்தது. தீனியைப் போட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோழி தீவனத்தைத் தொடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால் வந்தது. எடுத்தேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம். போனை எந்தப் பக்கம் திருப்பினாலும் தொட்டி தெரிகிற மாதிரியான ஹால் எங்களுடையது.

"ஏனுங்க, தொட்டிக்குள்ள பாலக் கீலக் கொட்டிட்டீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். ஸ்பான்ஜைக் காயவைத்தது வரைக்கும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பழகிய பாதை. அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் போனில் சாமியானாவின் சிவப்புத் துணி மட்டும் தெரிந்தது.

"அது போயிருச்சுன்னா எனக்குப் போன் பண்ண வேண்டாங்க" என்றாள். "நான் வந்தே பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு நான் சட்டைப் பட்டனைக்கூட ஒழுங்காகப் போடாமல் நாமக்கல் மீன் கடைக்கு வண்டியை விட்டேன். கறி மீன் இல்லை, கண்ணாடித் தொட்டி மீன் விற்கிற கடை. கடைக்காரர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, எந்த ஊர்ப் பண்ணை என்று மட்டும் விசாரித்தார். என்னைப் போல முன்னாடியும் சில பண்ணைக்காரர்கள் வந்திருப்பார்கள் போல. மீன் கழிவு தண்ணீரிலேயே விஷமாகிவிடும், அதைத் தின்று முறிக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அந்த ஸ்பான்ஜ் அழுக்கில்தான் குடியிருக்கும், நான் குடும்பத்தோடு அவற்றைக் காலி செய்துவிட்டேன் என்று விளக்கினார். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். தீனி கூடாது. அதோடு, ஓடிக்கொண்டிருக்கிற பழைய தொட்டி ஒன்றிலிருந்து அழுக்கு ஸ்பான்ஜ் கொண்டுவந்து போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

அவர் கடையிலேயே ஒன்று கொடுக்கச் சொன்னேன். புது மீன் வந்து போகிற தொட்டியில் நோவும் இருக்கலாம், அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன் என்றார். "ரொம்ப நாளா மீன் சாகாத தொட்டியாப் பாருங்க. எவ்வளவு அழுக்கா இருக்குதோ அவ்வளவு நல்லதுங்க."

எனக்குத் தெரிந்து அப்படி ஒரு தொட்டிதான் உண்டு. பரமத்தி வேலூரில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. சலூன்காரர் என்னைவிட நாலு வயது சின்னவர். அந்தத் தொட்டியின் நிறத்தைப் பார்த்து, இதில் இருப்பது மீனா முதலையா, வாய்க்கால் தண்ணீரா வெற்றிலைக் கொடிக்காலா என்றெல்லாம் வருடக்கணக்காகக் கேட்டுக் கடையைச் சிரிக்க வைத்தவன் நான்தான். அந்த வாயோடுதான் இப்போது உள்ளே போனேன். ஒருவர் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு நகரவில்லை.

மெதுவாகச் சொன்னேன். அவர் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"ஏனுங்ணா, எங்க கடை அழுக்கு வேணுங்களா?"

பேப்பர்கள் இறங்கின. நுரைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அண்ணன் ஊட்ல அழுக்குக்கே பஞ்சமாப் போச்சாட்ட இருக்குது" என்றார்.

மீன் சாகக் கிடக்கிறது, அது அவளுடைய மீன் என்று நான் சொன்னதும் சலூன்காரர் முகம் மாறியது. என் மனைவி வாக்கரோடு இருந்த நாட்களில் எனக்கு வீட்டுக்கே வந்து முடி வெட்டியவர் அவர். அந்த மீனை அவருக்குத் தெரியும். ஆனாலும் கிடைத்த சந்தர்ப்பத்தை விட அவர் தயாராக இல்லை.

"தாரேனுங்ணா. ஆனா மொதல்ல ஒண்ணு சொல்லோணும். இது நல்ல தொட்டியா, கெட்ட தொட்டியா?"

நல்ல தொட்டி என்றேன். பெஞ்சில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். பரமத்தி வேலூரிலேயே இதுதான் நல்ல தொட்டி என்று மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையை உள்ளே விட்டு ஸ்பான்ஜை எடுத்தார். கறுப்பாக, கொழகொழவென்று, சொட்டச் சொட்ட அதைப் பார்த்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. முடி வெட்டுகிற கத்தரியாலேயே அதை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தன் தொட்டிக்குள் திரும்பப் போட்டார். இன்னொரு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டிக் கொடுத்தார். காய்ந்தால் அதிலிருக்கும் பூச்சிகள் செத்துவிடும் என்று நான் சொன்னதைக் கேட்டு இன்னும் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றினார்.

"ரெண்டு பக்கமும் சமமா எடுத்திருக்கறேன் பாருங்ணா" என்றார்.

வண்டி ஹேண்டிலில் அந்தக் கவரை மாட்டிக்கொண்டு, ஸ்பீட் பிரேக்கருக்கெல்லாம் கர்ப்பிணியைக் கூட்டிப்போகிறவன் மாதிரி வண்டியை ஏற்றி இறக்கி வீடு வந்து சேர்ந்தேன். ஸ்பான்ஜை ஃபில்டரில் வைத்தேன். பிழிந்த சாற்றையும் தொட்டியில் விட்டேன். முந்தாநாள் அதே அழுக்கை விரட்டி விரட்டிக் கழுவியவன், இன்றைக்கு ஒரு சொட்டு கீழே சிந்தினால் பதறினேன். தினமும் காலையில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். பண்ணைக்குப் போய்விட்டு நடுவில் நடுவில் ஓடிவந்து பார்த்தேன். வேலையாட்கள் எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். சின்ன மீன் ஒன்று போய்விட்டது. தங்கமீன் மூலையில் அசையாமல் நின்றது. மோர் நீர்மோராகி, நீர்மோர் கஞ்சித்தண்ணியாகி, கல்யாணத்தன்று காலையில் தொட்டியின் அந்தப் பக்கத்துச் சுவர் மங்கலாகத் தெரிந்தது. தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்ட கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க அவள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்லி, போய்ப் பார்க்கும்போது இல்லாமல் போய்விட்டால்?

வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டுப்புடவையோடு, முட்டி வலியையும் பார்க்காமல், தொட்டி முன்னால் குனிந்து கண்ணாடியில் விரலை வைத்தாள். மூலையில் கிடந்த தங்கமீன் அசைந்தது. துடுப்பை விரித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து, விரலுக்கு நேராக வந்து நின்றது.

"ஏஞ்சாமி" என்றாள் அதனிடம். "இந்த மனுசன் உன்னையக் கோழின்னு நெனச்சுட்டாரா?"

அது வாயைத் திறந்து மூடியது. நான் சமையல் கட்டுக்குப் போய் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றும் நாள். அவளால் ரொம்ப நேரம் குனிய முடியாது என்பதால் குழாய் என் கைக்கு வந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் மேற்பார்வை. குழாயை உறிஞ்சியதில் ஒரு மடக்கு என் தொண்டைக்குள்ளும் போனது. அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் என் மேல் இருந்த கோபம் கொஞ்சம் கரைந்தது. பக்கெட்டில் கால்வாசித் தண்ணீர்கூட இறங்கியிருக்காது, போதும் என்று நிறுத்தினாள். கல்லைத் தொடக் கூடாது. ஸ்பான்ஜை அந்தப் பழைய தண்ணீரிலேயே ஒரே ஒரு முக்கு முக்கி எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பிக்கும் முன்பே வேலை முடிந்துவிட்டது. அழுக்குத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலி பக்கெட்டோடு அப்படியே நின்றேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அவள் என்னையும் பக்கெட்டையும் பார்த்தாள்.

"அத வேணும்னா உங்க ஆசைதீரக் கழுவிக்கங்க" என்றாள்.