வலது எட்டு, இடது ஆறு

மனிதர்களை எனக்கு முதலில் காலால்தான் தெரியும். ஒரகடத்தில் கார் இருக்கை தைக்கிற தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேருகிற எல்லோரும் என் ஜன்னலுக்கு வந்துதான் சேஃப்டி ஷூ வாங்க வேண்டும். முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த கறுப்பு ஷூ. எதிரே ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, போட்டுப் பார்த்து, நாலடி நடந்து காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவார்கள். சேறு மிதித்து அகன்ற பாதம், மருதாணி இன்னும் வெளுக்காத பாதம், மெட்டி அழுத்திய தடம் மட்டும் மிச்சமிருக்கிற விரல். “இத்தப் போட்டுகினு நடந்தா மாட்டுக்கு லாடம் அடிச்ச மாதிரி கீதுக்கா” என்று லைனுக்குப் புதிதாக வந்த பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரிப்பார்கள். பெயர் மறந்துவிடும், சைஸ் மறக்காது. குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறும்போதே மனசு தன்பாட்டுக்குச் சொல்லும்: ஐந்து வருகிறது, ஏழு வருகிறது, இதோ ஓடிவருகிறது ஒரு நாலு.

கேட்டில் நிற்பவர்களுடைய காலை மட்டும் நான் பார்த்ததில்லை. செக்யூரிட்டிகள். அவர்கள் ஏஜென்சி ஆட்கள், சொந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களில் ஒருவரை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலூர்ப் பக்கம். பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர், ஐம்பது தாண்டியிருக்கும். காலையில் உள்ளே நுழைகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு சல்யூட். பெரிய மேனேஜர் காருக்கும் அதே அளவுதான், அரை விரல்கடைகூடக் கூடுதலில்லை. அது எனக்குப் பிடிக்கும். பஸ் ஜன்னலிலிருந்து நானும் பதிலுக்குக் கை வைப்பேன்.

அந்தக் கையை நானே நிறுத்தினேன். எல்லையில் சண்டை மூண்டிருந்த நாட்கள் அவை. கேன்டீன் டிவியில், சாம்பார் சாதத்துக்கு மேலே, குண்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கைதட்டினார்கள். எனக்குச் சண்டை ஆகாது. நல்ல சண்டை, கெட்ட சண்டை என்று பிரிக்கத் தெரியாது. எப்போதாவது எழுதுகிற நாலு வரியிலும் அதையேதான் எழுதி வந்திருக்கிறேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கேட் அருகே டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், யாரோ சாவதற்கு இங்கே கைதட்டுகிறார்களே அண்ணா என்று ஆரம்பித்தேன். ஆமாம் என்பார் என்று நினைத்தேன்.

“கைதட்றது தப்பு மேடம். சண்ட தப்பில்ல. அவன் அடிச்சா நாம சும்மா குந்திகினு இருக்கக் கூடாது” என்றார்.

பேச்சு வளர்ந்தது. அடித்து அடித்து யார் ஜெயித்தது என்று நான். அங்கே போய் ஒருநாள் நின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று அவர். அந்த ஒன்று சுருக்கென்று தைத்தது. அதற்குமேல் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

“நீங்க மட்டும் சும்மாவா நின்னீங்க? சம்பளம் வாங்கிட்டுத்தானே நின்னீங்க?”

அவர் டீயின் கடைசி வாயைக் குடித்து, கப்பைக் கசக்காமல் கூடையில் போட்டுவிட்டு, கேட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் பஸ்ஸுக்கு சல்யூட் இருந்தது. நான்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சில மாதம் கழித்து, கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. இனி கேட்டில் நிற்பவர்கள் உட்பட எல்லோர் காலிலும் சேஃப்டி ஷூ இருக்க வேண்டும். செக்யூரிட்டிகள் வரிசையாக வந்து வாங்கிப் போனார்கள். மிலிட்டரி கடைசியாக வந்தார்.

“எட்டு” என்றார்.

உட்கார்ந்து போட்டுப் பாருங்கள் என்று பெஞ்சைக் காட்டினேன். எட்டுதான், தெரியும் என்றார். நின்றபடியே கையெழுத்துப் போட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். என் முன்னால் குனிந்து உட்காரக்கூட மனம் வரவில்லை போலிருக்கிறது, அவ்வளவு வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். வீம்பு யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, பஸ் உள்ளே நுழையும்போது திரும்பிப் பார்த்துவிட்டேன். வலது கை நெற்றியில். இடது கை கேட் கம்பியை இறுகப் பிடித்திருந்தது.

அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தார். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டுச் சாத்தினார். பெஞ்சில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து பழைய பனியன் துணி உருண்டையாக வந்தது. சாக்ஸின் முன்பாதி காலியாகத் தொங்கியது, நுனியில் ரத்தம். சாக்ஸையும் கழற்றினார். விரல்கள் இல்லை. ஐந்தும் இல்லை. பாதம் சட்டென்று, பாதிச் சொல்லில் நிறுத்திய பேச்சுபோல முடிந்திருந்தது.

சொந்த பூட்ஸ் முன்பக்கம் மெத்தென்று இருந்ததால் துணி அடைத்து இத்தனை வருடம் ஓட்டிவிட்டாராம். இதில் கால் முன்னால் வழுக்கிப்போய் இரும்பில் இடிக்கிறது.

“எடது எட்டே இருக்கட்டும் மேடம். வலதுக்கு மட்டும் ஆறு குடுக்க முடியுமா?” என்றார். “எழுத மட்டும் வேணாம். ஏஜென்சி ஃபாரத்துல ஒடம்புல கொற இல்லன்னு போட்டுக் குடுத்துகீறேன். தெரிஞ்சா நாளைக்கே வேற ஆள அனுப்பிச்சுடுவான். பொண்ணு நர்ஸிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் கீது.”

சண்டையிலா போயிற்று என்று கேட்டேன்.

“சண்டையே இல்ல மேடம். மேல பனில காவல். சும்மா நின்னதுதான். ஹெலிகாப்டர் வர நாலு நாள் ஆயிடுச்சி. கூட நின்னவரு எறங்கி வரல. எனக்கு வெரலோட வுட்டுது.”

நின்னதுதான். நான் எறிந்த சொல் சுற்றிக்கொண்டு வந்து என் மடியிலேயே விழுந்தது. எழுந்து போய் ஆறாம் நம்பர் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். வலதை மட்டும் எடுத்துவந்து கொடுத்தேன். புண்ணில் கட்டுப் போட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, எல்லோரையும்போல நாலடி நடந்து காட்டினார். பக்கவாட்டில் கொஞ்சம் பிடிக்கிறது, பழகிவிடும் என்றார். அவருடைய வலது எட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் பயம் வந்தது. மேஜையில் ஒரு வலது எட்டு, ஒரு இடது ஆறு. எங்கள் கம்ப்யூட்டருக்கு ஷூ என்றால் ஜோடி. ஒற்றை ஷூ ஏன் வந்தது என்று காரணம் எழுதினால் அவர் போய்விடுவார். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், மறைக்கவும் முடியாது. இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டில் சோறு வடிக்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வழியும்போதும் அந்த இரண்டு ஷூவும் ஒன்றையொன்று பார்த்தபடி என் கண்ணுக்குள் நின்றன.

மறுநாள் காலை கேட்டைத் தாண்டும்போது கண்ணாடிப் பெட்டி கண்ணில் பட்டது. பாதுகாப்புப் பலகைக்குக் கீழே இருக்கிற பெட்டி. எதையெல்லாம் போட வேண்டும் என்று காட்ட ஒரு ஹெல்மெட், ஒரு ஜோடி கையுறை, கண்ணாடி, ஷூ. ஷூ வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தினமும் பார்க்கிறோம், யார் பார்த்தோம்.

மாதிரிக்கு ஆறாம் நம்பரில் ஒரு ஜோடி என்று இண்டென்ட் சீட்டு எழுதிக்கொண்டு போய் எங்கள் இன்சார்ஜ் முன்னால் வைத்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், திருநெல்வேலிக்காரர். பேனாவை எடுத்தவர், என் கையிலிருந்த ஷூக்களைப் பார்த்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். அங்கே ஒருவர் இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

“வெயிலு படுற எடம்லாக்கா. ஒண்ணு சுருங்கத்தான் செய்யும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆடிட் அன்று மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, திறக்கச் சொன்னார். நான் அட்டையும் கையுமாகப் பின்னால் நின்றிருந்தேன். வலது ஷூவை எடுத்தார், இரும்பைப் பேனாவால் தட்டிப் பார்த்தார், வைத்துவிட்டார். மற்றதைத் தொடவில்லை. பிறகு செக்யூரிட்டியின் காலைப் பார்த்தார். கறுப்பு, பளபளப்பு, கயிறு ஒழுங்காகக் கட்டியது. தலையாட்டிவிட்டு உள்ளே போனார். மிலிட்டரி அவருக்கும் ஒரு சல்யூட் வைத்தார், பஸ்ஸுக்கு வைக்கிற அதே அளவு.

மறுநாள் கேட்டிலேயே இறங்கிக்கொண்டேன்.

“அன்னைக்கு சம்பளம்னு சொன்னேன்லண்ணா. அத நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“வாங்கினது நெஜந்தானே மேடம்” என்று சிரித்தார். அப்புறம் கண்ணாடிப் பெட்டியை மோவாயால் காட்டினார். “அந்த வலது எட்டு கீதே, அதான் மேல ஏறிப் போறப்ப எனக்கு இருந்த சைஸு.”

அடுத்த பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. அவர் போய் நின்றுகொண்டார். நான் அங்கேயே நின்றேன்.

இந்த மாதம் அவருக்கு ஷூ மாற்ற வேண்டிய முறை. மாதிரிக்கும் ஒரு ஜோடி என்று சேர்த்தே எழுதிவிட்டேன், இன்சார்ஜ் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். சண்டையைப் பற்றி நானும் மிலிட்டரியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. போன வாரம்கூட டீ ஆறிப்போகிற வரை பேசினோம். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. மகள் ஊசி போடப் பழகிவிட்டாளாம், உங்களுக்கு ஒன்று போடச் சொல்லவா என்றார்.

பழையதை எடுத்துவிட்டு, புது வலது எட்டையும் இடது ஆறையும் பெட்டிக்குள் வைத்தேன். ஸ்டோர்ஸ் தூசி படிந்திருந்தது. துப்பட்டா நுனியால் எட்டைத் துடைத்து, நுனி சாலையைப் பார்க்கும்படித் திருப்பி வைத்துவிட்டுக் கண்ணாடியை மூடினேன்.