பஸ் இல்லாத தெருவில் ஒரு பஸ் சாரதி

என் மனுசன் கிளெமென்ற் ஒஸ்லோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். அதற்கு முன் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் பத்து வருடம் மீன் வெட்டினார். மீனோடு பேச்சில்லை. பஸ் சாரதியோடும் யாரும் கதைக்கக்கூடாது. ஆக, வாயைத் திறக்காமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கிய மனுசன் எனக்கு வாய்த்தார்.

அவருக்கு ஒரேயொரு பெருமை. வயதானவர்கள் ஏறினால், அவர்கள் இருக்கையில் உட்காரும்வரை பஸ்ஸை அசைக்கமாட்டார். "ஆள் இருந்த பிறகுதான் எடுக்க வேணும், புளோறன்ஸ்" என்று சாப்பாட்டு மேசையிலும் சொல்வார். குரோருட்டில் எங்கள் கட்டடத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை.

போன மாதம் அவருடைய யூனிபோமைத் தோய்க்க எடுத்தபோது பைக்குள் ஒரு கடிதம் கிடந்தது. கண்ணில் பக்கப் பார்வை குறைந்துவிட்டதாம். கார் ஓட்டலாம், பஸ் ஓட்டக்கூடாதாம். படித்துவிட்டு அதை அதே பைக்குள் வைத்து, யூனிபோமைத் தோய்க்காமலே திரும்பக் கொக்கியில் கொழுவிவிட்டேன். தானாகச் சொல்லட்டும் என்று பார்த்தேன். அவரோ மறுநாளும் அதே யூனிபோமைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வெளிக்கிட்டார். ஒரு மாதம் இந்தக் கூத்து. வெஸ்ட்லி போகிற மெட்ரோவில் அவர் சும்மா இருந்து போவதைக் கண்டதாகப் பக்கத்து வீட்டு மேரியம்மா வந்து சொன்னார். "ஓம், அவருக்கு லீவு" என்று நானும் பொய் சொன்னேன். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இவ்வளவுதான் மரியாதை.

இந்த நேரம் பார்த்து, எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கென்று மகள் நிலூஜா ஸ்கொட்லாந்துக்கு ரிக்கற் எடுத்துத் தந்தாள். ஒரு முழு நாள், ஒரு வாடகைக் கார், நாங்கள் இரண்டே பேர். இன்றைக்குச் சொல்லாவிட்டால் இந்த மனுசன் இனிச் சொல்லவே போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. கார் எடுத்த இடத்தில் இரண்டாவது சாரதியாக என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

"உமக்கு எதுக்கு? நான் இருக்கிறன்தானே" என்றார்.

நான் லைசென்ஸ் எடுத்துப் பதினொரு வருடம். அவர் பக்கத்தில் இருக்க நான் ஓட்டியது ஒருநாளும் இல்லை.

கிளென்கோ மலைகளைக் கண்டதும்தான் மறுபடி வாயைத் திறந்தார்.

"இது எங்கடை நோர்வே மாதிரித்தானே கிடக்கு. இதைப் பாக்கவோ பிளேன் ஏறி வந்தனாங்கள்?"

"அங்கையாவது பாத்தனீங்களோ?" என்றேன்.

அவர் கண்ணை மறுபடி தெருவுக்குத் திருப்பினார்.

பிறகு ஒரு ஏரிக்குப் போகிற ஒடுக்கமான தெரு. ஒரு கார்தான் போகலாம். எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கி நிற்பதற்காக, இடைக்கிடை தெருவை அகலமாக்கிக் கம்பத்தில் வெள்ளைப் பலகை வைத்திருந்தார்கள். கம்பத்தையும் பலகையையும் கண்டால் இவருடைய கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. எதிரே ஒரு செம்மறிகூட இல்லை. நிறுத்தினார், இடப்பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், எடுத்தார். அடுத்த பலகையிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும், இதோ சொல்லப்போகிறார் என்று நான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மீன் றோலைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பதாவது தடவை பொறுக்கமுடியவில்லை.

"இஞ்சேருங்கோ, இந்தக் காட்டிலை ஆர் வந்து ஏறப் போகினம்?"

"பழக்கதோஷம்."

"வேறை ஏதும் சொல்ல இருக்கோ?"

"ஒண்டுமில்லை. உந்த றோலைத் தாரும்."

கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

பத்தாவது பலகையின் கீழ் உண்மையாகவே ஒரு வெள்ளைக்காரக் கிழவி பையோடு நின்றாள். தன்னை ஏற்றத்தான் நிறுத்துகிறோம் என்று எண்ணி, கதவைத் திறந்து பின்னால் ஏறிவிட்டாள். வீடு மூன்று மைல் தள்ளியாம். இந்தத் தெருவுக்குப் பஸ்ஸே கிடையாதாம். அவள் பெல்ற்றோடு மல்லுக்கட்டி முடியும்வரை இவர் கண்ணாடியில் பார்த்தபடி பொறுமையாக இருந்தார். வேலைக்குப் போகிற அந்த முகத்தை ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டேன்.

தன் வீட்டு வாசலில் இறங்கும்போது கிழவி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நன்றாக ஓட்டுகிறீர்கள். இதுதான் உங்கள் தொழிலா?"

"பஸ் ஓட்டினேன். இருபத்தாறு வருடம்."

"இப்போது?"

"இப்போது இல்லை. கண் சரியில்லை. எல்லாம் முடிந்துவிட்டது."

நேரம் கேட்டவருக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார். கிழவி அவருடைய தோளில் தட்டிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒரு மாதமாக நான் தவம் கிடந்த சொல், மூன்று மைல் வந்தவளுக்குச் சும்மா கிடைத்துவிட்டது.

"முப்பது வருசமாப் பக்கத்திலை இருக்கிறன். எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை, என்ன?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். "அவ இறங்கிப் போயிடுவா. நீர் என்னைப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பீர்."

நான் மடியில் கிடந்த றோல் கடதாசியை மடித்தேன்.

"உமக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டார்.

"உங்கடை யூனிபோமைத் தோய்க்கிறது ஆர்?"

அவர் இறங்கினார். காரைச் சுற்றி என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "காரை நீர் ஓடும்" என்றார்.

நான் சாரதி இருக்கைக்கு மாறினேன். அவர் இடப்பக்கம் ஏறி, பெல்ற் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கார் வந்து ஹோன் அடித்தது. மறுபடியும் அடித்தது. நான் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

"இருந்திட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் காரை எடுத்தேன்.