அண்டைவாசியின் ஒப்புதல்

வயதான செயற்கைக்கோளுக்கு இடமாற்றம் வாங்கித் தருவதுதான் ஜம்புநாதனின் வேலை. சிரிக்காதீர்கள். உலகத்தில் அப்படியும் ஒரு வேலை இருக்கிறது, அதைப் புனேயில் இருபத்திரண்டு வருடமாக ஒரு திருவானைக்காவல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்பாட்ச் கிளார்க். ஒரு கடிதத்தில் இணைப்பு ஒன்று குறைந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் விஷ்ராந்த்வாடியில் இருந்த செயற்கைக்கோள் கம்பெனி அவரைக் கொத்திக்கொண்டு போனது.

கம்பெனிக்கு இருந்தவை மூன்று. அதில் மூத்ததை ஆபீசில் எல்லோரும் கிழவர் என்பார்கள். பன்னிரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று செய்து அனுப்பினார்கள். கிழவர் பதினேழு வருடமாக உழைத்துக்கொண்டிருந்தார். எரிபொருள் அடிமட்டத்துக்கு வந்துவிட்டதால், வடக்கே தெற்கே ஆடாமல் பிடித்து நிறுத்துவதை விட்டுவிட்டார்கள். அவர்பாட்டுக்கு நாளெல்லாம் மேலும் கீழுமாக அசைந்தபடி வேலையைப் பார்த்தார். அவர் இடத்துக்குப் புதியது ஒன்று வருகிறது. ஆகவே அவரை நகர்த்தி வேறோர் இடத்தில் உட்கார வைத்து இன்னும் மூன்று வருடம் ஓட்டுவது என்று திட்டம். நினைத்த நேரத்தில் நகர்த்த இது என்ன ஸ்கூட்டரா? அரசாங்க அனுமதி வேண்டும். புது இடத்துக்கு இருபுறமும் செயற்கைக்கோள் வைத்திருக்கும் அண்டைவாசிகள், எங்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அவர்கள் பதில் சொல்ல நாலு மாதம் அவகாசம். கடைசிக் காலத்தில் கிழவரை முந்நூறு கிலோமீட்டர் மேலே ஏற்றி அணைத்துவிடுவோம் என்று உறுதிமொழி வேறு. இத்தனையையும் பதினோரு பக்கத்தில் எழுதி, ஒன்பது இணைப்பு வைத்து, அனுமதியும் வாங்கிவிட்டார் ஜம்புநாதன்.

வாங்கிய அதே வாரம், இந்த மாதக் கடைசியில் உங்களுக்கே அறுபது முடிகிறது என்று கம்பெனி அவருக்கு நினைவூட்டியது. வேண்டுமென்றால் இரண்டு வருடப் பணி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆபீஸ் ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் கராடிக்குப் போகிறது, அங்கே மாறிவரச் சம்மதிக்க வேண்டும்.

ஜம்புநாதன் பயந்துபோனார். கிழவர் புது இடத்தில் போய் உட்காரும்வரையாவது கூட இருக்க வேண்டும் என்று வெளியே சொன்னார். உள்ளே இருந்தது அதுவல்ல. கடிதம் எழுத மட்டுமே தெரிந்த ஒருவன், கடிதம் எழுத வேண்டிய அவசியமில்லாத வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை என்ன செய்வான்? நீட்டிப்பு கிடைக்காவிட்டால் தொலைந்தோம் என்றே அவர் நம்பினார்.

இவ்வளவு பயந்தவர் ஒழுங்காக எழுதினாரா என்றால், அதுதான் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கடிதத்தையும் அவர் முதல் வரியிலிருந்து எழுதியது கிடையாது. பழைய கடிதத்தைத் திறப்பார், வேறு பெயரில் சேமிப்பார், பெயரையும் தேதியையும் மாற்றுவார். ஒருமுறை அனுமதி கிடைத்த வாசகத்தில் கைவைக்க அவருக்கென்ன பைத்தியமா? தன் விண்ணப்பத்துக்கும் அதையே செய்தார். கிழவரின் கடிதத்தைத் திறந்து, செயற்கைக்கோளின் பெயர் வந்த இடத்திலெல்லாம் ஒரே தட்டில் ஜம்புநாதன் என்று மாற்றி, வயதைத் திருத்தி, புது இடம் கராடி என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். ஊரார் கடிதத்தை ஏழு தடவை படிக்கிற புண்ணியவான் தன்னுடையதை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் டைரக்டர் அறைக்கு அழைப்பு வந்தது. டைரக்டர் பாலச்சந்திரன் கோயம்புத்தூர்க்காரர். பக்கத்தில் எச்ஆர் தேஜஸ்வினி. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

“அங்கிள், உங்க லெட்டர் நான் ஃபுல் படிச்சேன். ஒரே ஒரு டவுட். நீங்க முந்நூறு கிலோமீட்டர் மேலே போறது இருக்கு இல்லே, அது டிராவல் கிளெய்ம்லே வருமா?”

ஜம்புநாதன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: ‘ஜம்புநாதனின் வடிவமைப்பு ஆயுள் பன்னிரண்டு ஆண்டுகளே என்றாலும் அவர் இன்னும் இயங்குகிறார். தினமும் வடக்கும் தெற்குமாக ஆடுகிறார்; அதைத் திருத்தும் முயற்சி கைவிடப்பட்டுள்ளது. இடம் மாறும்போது எந்த ஒலிபரப்பும் செய்ய மாட்டார். பணி முடிந்ததும் முந்நூறு கிலோமீட்டர் மேலே கொண்டுசெல்லப்பட்டு, மிச்சமுள்ள வாயு வெளியேற்றப்பட்டு, நிரந்தரமாக அணைக்கப்படுவார்.’

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றார்.

“வாயு பத்தியெல்லாம் நமக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க,” என்றார் பாலச்சந்திரன். முகத்தில் சிரிப்பே இல்லை. “ஆறாவது பாராவைப் பாருங்க. அண்டைவாசிக ஒப்புதல் வாங்கியாச்சுன்னு போட்டிருக்கீங்க. இணைப்பு எங்கீங்க?”

“அது தப்பா வந்துடுச்சு சார். எடுத்துட்டு வேற குடுத்துடறேன்.”

“கையெழுத்துப் போட்ட லெட்டருங்க அது. போன வருசம் இணைப்பு இல்லைன்னு என்ற ஃபைலை மூணு தடவை திருப்பி அனுப்பினது யாருங்க?”

அனுப்பியது ஜம்புநாதன்தான். மூன்றாவது தடவை சிவப்பு மையில் வேறு எழுதியிருந்தார்.

“அண்டைவாசின்னா நெய்பர் இல்லே? உங்க நெய்பர் யாரு அங்கிள், ஆன்ட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தேஜஸ்வினி அப்படியே தட்டச்சு செய்துகொண்டாள். ஆன்ட்டியின் ஒப்புதல் வந்தால் நீட்டிப்பு, வராவிட்டால் இல்லை என்று முடிவாகிவிட்டது.

ஆன்ட்டி என்பவள் சாந்தகுமாரி. கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் நீட்டிய கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, கையில் சிவப்புப் பேனாவோடு பதினோரு பக்கமும் படித்தாள். ஐந்தாம் பக்கத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். சமையலறையில் அவள் சிரித்தது ஜம்புநாதனுக்குக் கேட்டது.

“கிராமர் பரவாயில்லை. பத்துக்கு ஆறு,” என்றாள். “எங்கிட்டப் பேசி ஒப்புதல் வாங்கினதா எழுதியிருக்கீங்களே, எப்பங்க பேசினீங்க?”

“அதான் இப்பப் பேசறேனே. ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு.”

“இருபுறமும்னு இருக்கு. கட்டில்ல இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் சுவரு. சுவர்கிட்டக் கேட்டாச்சா?”

“விளையாடாத சாந்தா. மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு.”

“நான் எங்கே விளையாடறேன். நமக்குக் கல்யாணம் ஆகி முப்பத்து நாலு வருஷம். இந்த வீடு வாங்கினப்ப என் கையில சாவியைத்தான் குடுத்தீங்க. அரே, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாதுன்னு எனக்குச் சாமான் ஏத்தற அன்னிக்கித்தான் தெரியும்.” அவள் ஏழாம் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள். “அண்டைவாசிக்குப் பதில் சொல்ல நாலு மாசம் அவகாசம்னு நீங்களேதான் போட்டிருக்கீங்க. அந்த நாலு மாசத்தை நான் எடுத்துக்கறேன்.”

மறுநாள் ஜம்புநாதன் இதைப் போய்ச் சொன்னபோது பாலச்சந்திரன் கடிதத்தின் ஏழாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விதிப்படி நாலு மாதத்துக்கு இடைக்கால அனுமதி கொடுத்தார். வாரா வாரம் அண்டைவாசிக்கு எழுத்தில் நினைவூட்ட வேண்டும், நகல் ஃபைலுக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மனுஷனுக்கு அதில் என்ன சந்தோஷமோ தெரியவில்லை.

இப்படியாக ஒரே மாதத்தில் இரண்டு பேரும் நகரத் தொடங்கினார்கள். கிழவர் வாயை மூடிக்கொண்டு வானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தார். ஜம்புநாதன் விஷ்ராந்த்வாடி நாற்சந்தியின் வண்டி நெரிசலில் ஹாரன் சத்தத்தைக் கேட்டபடி, அதைவிட மெதுவாகக் கராடியை நோக்கி நகர்ந்தார்.

முதல் நினைவூட்டலை சாந்தகுமாரி திருப்பிக் கொடுத்துவிட்டாள். ‘மதிப்பிற்குரிய’ என்று இல்லையாம். இரண்டாவதற்குக் கேள்வி அனுப்பினாள்: ‘விண்ணப்பதாரர் காலை ஏழு முதல் எட்டுவரை குளியலறையை முழுமையாக ஆக்கிரமிக்கிறார். சாப்பிடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு அண்டைவாசிக்கு இடைஞ்சல் செய்கிறார். விளக்கம் தேவை.’ ஜம்புநாதன் ஆபீசில் உட்கார்ந்து அரைநாள் யோசித்து, நேரம் பிரித்துக் கட்டம் போட்டு பதில் எழுதினார். குளியலறை ஆறே முக்கால் முதல் ஏழேகால்வரை. ஸ்பீக்கர் ரத்து. வேலை விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான், மறுநாளே அமலுக்கு வந்துவிட்டது.

எழுத்து தவிர வாயாலும் கேட்டார். காலையில் அவல் போஹா தட்டை எதிரே வைத்துக்கொண்டு, “இன்னிக்கி ஏதாவது முடிவு பண்ணினியா?” என்பார். “இன்னும் பரிசீலனையில இருக்கு,” என்பாள் அவள். முதல் மாதம் பேச்சு அதோடு நின்றது. அப்புறம் ஒருநாள் அவள், “உங்க கிழவர் எங்கே போய்ட்டிருக்காரு?” என்று சும்மா கேட்டாள். அவர் தட்டையும் டம்ளரையும் இரண்டு பக்கம் வைத்து, நடுவில் ஒரு வேர்க்கடலையை நகர்த்திக் காட்டினார். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். கணவர் ஆபீசில் என்ன செய்கிறார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தினமும் கடலை கொஞ்சம் நகர்ந்தது. அவர் ஆபீசுக்குத் தாமதமாகப் போனார். காரணம் கேட்ட தேஜஸ்வினியிடம், அண்டைவாசியுடன் பேச்சுவார்த்தை என்று எழுதிக்கொடுத்தார்.

கிழவர் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கி இரண்டு வாரமாயிற்று. நாலு மாதத்தின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. ஜம்புநாதனுக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே சாந்தகுமாரி ஒரு காகிதத்தை நகர்த்தினாள். அழகான கையெழுத்தில் ஒரே வரி: ஆட்சேபணை இல்லை. கீழே பெயர், தேதி, அண்டைவாசி என்ற பதவி.

வேண்டியது கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் நிச்சயம். மனுஷன் குதிக்க வேண்டாமா? காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசட்டுப் பிசட்டென்று உட்கார்ந்திருந்தார். நாளைக் காலையில் இவளிடம் கேட்க ஒன்றுமே இல்லையே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது.

“என்னங்க, ஏதாவது இணைப்பு குறையுதா?”

“இல்லை. இன்னிக்கி லீவுதானே. எங்கேயாவது போகலாமா?”

“எங்கே?”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கோயில் பெயர் ஒன்றைச் சொல்லி, ரிக்‌ஷா கூப்பிடக் கிளம்பிவிடுவார். வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினார்.

“நீ சொல்லு. எவ்வளவு நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ.”

சாந்தகுமாரி ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. “சிங்ககட் கோட்டை. மேலே சுடச்சுடக் கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் தருவாங்களாம். ஸ்கூல்ல இருந்த அத்தனை டீச்சரும் போயிட்டு வந்து கதை கதையாச் சொன்னாங்க. நான் ஒருத்திதான் போகலை.”

ஜம்புநாதன் அவளையே பார்த்தார். முப்பத்து நாலு வருடமாக இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். கோட்டை ஒரு மணி நேர வழி.

“ஏன் சாந்தா, இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட எங்கிட்டச் சொல்லலையே?”

“நீங்க கேக்கலையே,” என்று சொல்லிவிட்டு அவள் புடவை மாற்ற உள்ளே போனாள்.