வள்ளத்தில் வைத்த சைக்கிள் பரீட்சை

என் மாமா பொய் சொல்கிறார். அவுஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, கமராவுக்கு முன்னால் நின்று, சிரித்துச் சிரித்துப் பொய் சொல்கிறார்.

சைக்கிளில் பல நாள் பயணம் போகிறவர்களுக்குத் தமிழில் புத்தி சொல்லும் வீடியோக்கள் போடுகிறார் அவர். எந்தப் பையை எங்கே கட்டுவது, மண் பாதைக்கு எந்த ரயர் நிற்கும், கூடாரத்தை எப்படிச் சுருட்டுவது, எல்லாம் சொல்லித் தருகிறார். நல்ல வீடியோக்கள்தான், மறுக்கவில்லை. கனமான சாமானைக் கீழே, சில்லுக்குப் பக்கத்தில் கட்டு. லேசானதை மேலே வை. ஒரு பக்கம் மட்டும் தொங்கவிடாதே. தண்ணீரை ஒரே கானில் நிரப்பாதே, சின்னப் போத்தல்களில் பிரித்து வை, ஒன்று உடைந்தால் மற்றது இருக்கும். அத்தனையும் சரி. நான் அதையெல்லாம் அவர் வாயால் சின்ன வயதிலேயே கேட்டுவிட்டேன்.

போன மாதம் யாரோ அவரிடம், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்கிறார்: "ஊரில எண்ட அக்காட பிள்ளைகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாவியச் சுத்தி ஒரு பயணம் போனன். சும்மா, ஒரு சந்தோசத்துக்கு." கீழே ஆட்கள் வரிசையாக இதயம் போட்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி நான். என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து, வீதிகளில் இருந்த மறிப்புகளை எல்லாம் எடுத்துவிட்ட காலம் அது. எங்கள் வீடு தேற்றாத்தீவில், கடல் பக்கம். வாவிக்கு அந்தப் பக்கம், சூரியன் விழுகிற கரை, படுவான்கரை. அங்கே எங்கள் ஆட்களுக்கு வயல் இருந்தது, சொந்தம் இருந்தது. நான் ஒருநாளும் போனதில்லை. அப்பா நான் தவழுகிற காலத்திலேயே இல்லாமல் போய்விட்டார். அம்மா, அண்ணா, நான். அம்மாவின் தம்பி மாமா. அவர் கடலுக்குப் போகிற ஆள். அண்ணா பதினோராம் ஆண்டு ஓ.எல். பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டு வீட்டில் இருந்தான். நான் ஏழாம் ஆண்டு.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் மாமா வந்து, சைக்கிளில் படுவான்கரையைச் சுற்றி வருவோம் என்றார். பாதை ஏறி மண்டூர், பிறகு வெல்லாவெளி, அங்கிருந்து உன்னிச்சைக் குளம், கடைசியில் மட்டக்களப்பு டவுன் வழியாக வீடு. பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, வாவியைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவையை.

அம்மா உடனே மறித்தா. "இவன் போகட்டும். இவள் என்னத்துக்கு? பொம்புளப் புள்ள, வெயில்ல காஞ்சி போவாள்."

"ஒண்ட விட்டுட்டு ஒண்டக் கொண்டு போனா சரியில்ல அக்கா. ரெண்டும் வரட்டும்" என்றார் மாமா.

அதற்காக மாமாவைக் கும்பிட்டேன். என்னையும் ஒரு ஆளாக மதித்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைத்தேன்.

முற்றத்தில் பாய் விரித்துச் சாமான் கட்டினோம். அண்ணா கொண்டுவந்த பையை மாமா தலைகீழாகக் கொட்டினார். இரண்டு சேர்ட், சீப்பு, முகத்துக்குப் பூசுகிற கிறீம், ஒரு சென்ட் போத்தல்.

"என்ன மருமகன், பொம்புள பாக்கவா போறீங்க?"

அண்ணாவுக்குக் காது சிவந்தது. ஒரு மாற்று உடுப்பு மட்டும் விட்டார். அதைப் பொலித்தீனில் சுற்றி, அதை இன்னொரு பொலித்தீனில் சுற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ரியூப் வாரால் இறுக்கி, உரப்பைக்குள் வைத்தார். ரோர்ச்சுக்கும் அப்படியே. வானத்தில் ஒரு பொட்டு முகில் கிடையாது, கச்சான் காற்று நெருப்பாக வீசிக்கொண்டிருந்தது. மழை வருமா என்று கேட்டேன். பேசாமக் கட்டு புள்ள, என்றார். சாப்பாட்டுக்கு அவல், சீனி, பேரீச்சம்பழம், பிஸ்கட். பிறகு ஒரு பை நிறையத் தேசிக்காய். பொத்தல் ஒட்டுகிற சொலூசன் இல்லை. அதைக் கேட்டபோது, வழியில் கிடைக்கும் என்றார். இன்றைக்கு அதே மனிதர், பொத்தல் ஒட்டும் சாமான் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டாதே என்று வீடியோவில் விரலை ஆட்டுகிறார்.

பாதையில் ஏறியபோது அதைத் தள்ளுகிறவர் எங்கள் மூட்டைகளைப் பார்த்தார். "எங்க, கதிர்காமத்துக்கா?"

"உலகம் சுத்தப் போறம்" என்றார் மாமா.

"அப்ப ஆறுதலாப் பொயித்து வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மண்டூர் தாண்டியதும் மாமா எங்கள் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். "நான் தந்தாத்தான் குடிக்கிற." தந்தது போத்தல் மூடியில். தாகம் வருவதற்கு முன்னே குடியுங்கள், அதுதான் பயணத்தின் முதல் பாடம் என்று இப்போது சொல்கிறார். எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வழியில் வீடு இருந்தது, கிணறு இருந்தது. நான் ஒரு வீட்டுக் கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்துவிட்டேன். மாமா என்னைத் திட்டவில்லை, குடிக்க விட்டார். அண்ணா இறங்கப் போனபோது மட்டும், "நீ நில்லு" என்றார்.

அண்ணாவுக்குத் தண்டனை, எனக்குச் சலுகை என்று அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

வெல்லாவெளிக்குக் கிட்ட என் பின்சில்லு காற்றுப் போனது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வட்டை, வயல்வெளி கண்ணுக்கு எட்டும் மட்டும். கடையும் இல்லை, ஆளும் இல்லை. சொலூசனும் இல்லை. மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. ரயரை ஒரு பக்கம் கழற்றி, ரியூபை உருவி எடுத்துவிட்டு, வட்டையில் கிடந்த வைக்கோலை முறுக்கி முறுக்கி உள்ளே அடைத்தேன். இறுக்கமாக, இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் புடைத்து சில்லு துள்ளும். கை எல்லாம் கீறி இரத்தம். ஆனால் சைக்கிள் ஓடியது. கட்டைவண்டி மாதிரி இடித்து இடித்து ஓடியது.

"மாமா, பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. அண்ணாவின் நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்கி, "தலை சுத்துதா? கண் இருட்டுதா? உண்மையச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றான் அண்ணா. அவருக்கு அதில் என்ன சந்தோசமோ, முதுகில் தட்டினார்.

அன்றைக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டு விறாந்தையில் தங்கினோம். எனக்குப் பாய் தந்தார்கள். அண்ணாவுக்கும் தந்தார்கள். மாமா அதைச் சுருட்டி வைத்துவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபடியே நித்திரை கொள்ளச் சொன்னார். அண்ணா எரிச்சலில், "சைக்கிள்லயா மாமா நித்திரை கொள்ளப் போறம்?" என்று கேட்டான். பழகினா நல்லம், என்றார் மாமா. அந்த வீட்டுக்காரர் எனக்கு ரியூப் ஒட்டித் தந்தார்.

உன்னிச்சைக்குப் போகிற வழி முழுக்க எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் நிமிர்ந்து மிதிக்கக் கூடாது. ஹாண்டிலில் குனிந்து, மெதுவாக, நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். நான் முன்னுக்கு ஓடினேன். அண்ணா பின்னால் புழுதி தின்றுகொண்டு வந்தான். குளக்கட்டில் முதலில் ஏறினவள் நான். இரண்டு கையையும் விட்டு, பேய் பிடித்த மாதிரிக் கத்தினேன். இந்தப் பயணத்தில் நான்தான் வென்றேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா மீன்பிடிக்கிற ஒருவரிடம் வள்ளம் கேட்டு வாங்கினார். குளத்தைப் பார்ப்போம் என்றார். காற்றில் குளம் கடல் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. நடுவுக்குப் போனதும் துடுப்பை எடுத்து வள்ளத்துக்குள் வைத்துவிட்டார். வள்ளம் அலைக்குக் குறுக்காகத் திரும்பி, போட்டு ஆட்டியது. அவர் ஒன்றும் செய்யவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் முதலில் அவலை வாந்தியாக எடுத்தேன், பிறகு பேரீச்சம்பழத்தை, பிறகு பச்சைத் தண்ணீரை. மாமா ஒரு தேசிக்காயை நகத்தால் கீறி என் மூக்கில் பிடித்தார். கண் மட்டும் அண்ணாவில். அண்ணா பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அப்படி வந்தது, அவனைத் தண்ணீருக்குள் தள்ளிவிட.

கரையில் இருந்து வள்ளக்காரர் கத்தினார். "ஓய்! புள்ளயளக் கொல்லப் போறீங்களா? காத்து ஏறுது, வள்ளத்தக் கரைக்குக் கிறுக்குங்க!"

"இன்னும் கொஞ்சம்" என்றார் மாமா.

வீடு வந்து சேர்ந்தபோது அம்மா படலையடியில் நின்றா. மாமா சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அண்ணாவின் தலையில் கை வைத்து, "இவன் தாங்குவான், அக்கா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் முந்தி ஓடின! வைக்கோல் அடைச்ச நான்! இவன் ஒண்டும் செய்யல்ல, சும்மா வள்ளத்துல இருந்த!" சைக்கிள் பயணத்தை வள்ளத்தில் வைத்துப் புள்ளி போடுவது என்ன நியாயம் என்று அழுதேன்.

அம்மா மாமாவைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, "ஓம் மனே, நீதான் கெட்டிக்காரி. போய்க் கால் கழுவு" என்றா.

நான் கால் கழுவப் போனேன். பல நாள் அண்ணாவோடு பேசவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் விடிந்தபோது அண்ணாவும் இல்லை, மாமாவும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இருந்து அந்தக் காலத்தில் எத்தனையோ வள்ளங்கள் அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்டன. அதில் ஒன்றில் போனார்கள். அம்மா தரையில் கிடந்து அழுதா. மகன் போகப்போவது தெரியாத தாயும் அப்படித்தான் அழுவாள். தெரிந்த தாயும் அப்படித்தான் அழுவாள்.

வள்ளம் போய்ச் சேர்ந்தது. மாமாவை நாட்டுக்குள் எடுத்தார்கள். அண்ணாவை எங்கேயோ ஒரு தீவில் கம்பி வேலிக்குள் வைத்தார்கள். ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. வருடக்கணக்காக அங்கே இருந்துவிட்டு, போதும் என்று எழுதிக்கொடுத்துத் திரும்பி வந்தான். பிஸ்கட் தின்றுகொண்டு வள்ளத்தில் இருந்த பையன் திரும்பி வரவில்லை, வேறு ஒருவன் வந்தான். இப்போது எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். அம்மா போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறான். அம்மாவோடு பேசுவதில்லை.

ஒரே ஒரு தடவை என்னிடம் காரணம் சொன்னான். "உனக்கு வீடு கட்ட என்னக் கடல்ல விட்டா அம்மா."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கத் தகப்பன் இல்லாவிட்டால் அது அண்ணனின் தலையில். அதனால் அவன் சொல்வது நடக்காத கதை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கேட்டால், "உண்ட மாமாவக் கேள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறா. மாமாவைப் போனில் கேட்டால், "பழசக் கிண்டாத புள்ள" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

அன்றைக்குப் படலையடியில் "இவன் தாங்குவான்" என்றபோது எனக்கு, சைக்கிள் நன்றாக ஓடுவான் என்று சொல்கிறார் என்றுதான் விளங்கியது. பரிசை அண்ணாவுக்குக் கொடுத்துவிட்டார் என்று அழுதேன். எதைத் தாங்குவான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா அதைக் கேட்கவில்லை. தெரிந்ததால் கேட்கவில்லையா, எனக்கு விளங்கின மாதிரியே அம்மாவுக்கும் விளங்கியதா? அம்மாவுக்குத் தெரிந்திருந்தால், மாமா, என்னை எதற்குக் கூட்டிப்போனீர்கள்? ஒரு பிள்ளையை மட்டும் கொண்டுபோனால் அக்கா சந்தேகப்படுவா என்றுதானே? தெரியாவிட்டால், வந்ததும் வராததுமாக அந்தச் சொல்லை அம்மாவிடம் ஏன் சொன்னீர்கள்?

போனில் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் சொன்னால் அண்ணா நம்ப மாட்டான். அம்மாவுக்காகப் பேசுகிறேன் என்பான். உங்கள் போனை அவன் எடுப்பதில்லை. ஆனால் உங்கள் வீடியோவைப் பார்க்கிறான், மாமா. ஒவ்வொன்றையும் பார்க்கிறான். பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நீங்கள் பை கட்டுவதைக் கடைசி வரைக்கும் பார்க்கிறான்.

அதனால் அங்கேயே சொல்லுங்கள். இதயம் போட்டவர்கள் எல்லாரும் கேட்கட்டும். நீங்கள் அக்காவிடம் கேட்டுத்தான் அவனை ஏற்றினீர்களா, கேட்காமல் ஏற்றினீர்களா? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. அவன் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.